காலணி திருப்பும் இகுவே சான்

வாசலில் கழற்றி விட்ட காலணிகளை இகுவே சான் மண்டியிட்டுத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே போனவர் திரும்பி வரும்போது காலை நுழைத்தால் போதும் என்று, முனை தெருவைப் பார்க்கும்படி வைப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இவர் செய்வதில் சின்ன வித்தியாசம் உண்டு. திருப்பும் சாக்கில் கட்டைவிரலை உள்ளே விட்டு ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார், அங்கே அச்சடித்திருக்கும் எண்ணையும் படித்துவிடுவார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு உங்களை வரவேற்க வரும்போது, உங்கள் கால் எத்தனை சென்டிமீட்டர், எந்தக் காலில் அதிகம் ஊன்றி நடக்கிறீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது.

ஹொக்கைடோவில், பனிச்சரிவில் நின்றபடி சறுக்கி இறங்கும் பனிப்பலகை விற்கிற கடைகளில் காலணியைக் கழற்றச் சொல்லும் கடை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மரத்தரை கெட்டுப்போகும் என்று காரணம் சொல்வார். அந்தத் தரையில் பலகைகளுக்குத் தேய்த்த பதினைந்து வருட மெழுகு சிந்திக் கிடக்கிறது, கெடுவதற்கு இனி மிச்சமில்லை. நடுவில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதன்மேல் வாட்டிய கணவாய்க் கருவாடு. சொன்னபடி ஒழுங்காக நிற்கிற வாடிக்கையாளருக்கு அதில் ஒரு கீற்று கிழித்துக் கொடுப்பார். எதிர்த்துப் பேசுகிறவருக்கு வாசனை மட்டும்தான்.

வயது அறுபத்து மூன்று, பெயரோடு வரும் 'சான்' எங்கள் ஊர் மரியாதைச் சொல். என் தோளுக்குக்கூட வரமாட்டார். அவருடைய கால் சிறுபிள்ளைகள் வரிசையில் தேடி வாங்க வேண்டிய அளவு. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு மலைக்கு வருவார். நான் அந்த மலையில், கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை உச்சிக்கு ஏற்றும் லிஃப்டை ஓட்டுகிறவன். நாற்காலியை நிறுத்துவதும், ஏறத் தெரியாமல் விழுந்தவரைத் தூக்கிவிடுவதும் என் உத்தியோகம். மற்றவர்கள் லிஃப்டில் போகும்போது தூரத்து எரிமலையைப் பார்ப்பார்கள். இகுவே சான் காலுக்குக் கீழே குனிந்து, சரிவில் விழுந்திருக்கும் கோடுகளைப் பார்ப்பார். பலகையின் விளிம்பில் சாய்ந்து வளைகிறவர்கள் பனியில் கத்தியால் கீறியதுபோல ஒரே கோடு விட்டுப் போவார்கள். எது யாருடைய கோடு என்று சொல்லிக்கொண்டே மேலே போவார். நான் சரிபார்த்திருக்கிறேன், தப்பியதில்லை.

கடைக்கு வந்தவர் எந்தப் பலகையைக் காட்டி விலை கேட்டாலும் அவர் சொல்கிற முதல் வார்த்தை "ஏறி நில்லுங்க" என்பதுதான். ஏற வேண்டியது பலகையில் அல்ல, தரையில் விரித்த நேற்றைய செய்தித்தாளில். தடித்த பென்சிலால் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போடுவார். அப்புறம் உங்கள் பூட்ஸை வாங்கி அந்தக் கோட்டின் மேல் வைப்பார். போன குளிர்காலத்தில் நகராட்சித் தேர்தல் வேட்பாளர் ஒருவரின் படத்தின்மேல் நான் ஏறி நின்றேன். இகுவே சான் அதற்கெல்லாம் அசரவில்லை.

மெத்தென்ற பூட்ஸ் போட்டுக்கொண்டு கீறி வளைய ஆசைப்படுகிறவருக்குப் பலகையின் அகலம்தான் எல்லாம் என்பது அவர் கட்சி. கெட்டி பூட்ஸ்காரர்கள் காலை முன்பக்கம் திருப்பி நிற்பார்கள், அவர்களுக்கு ஒல்லிப் பலகை போதும். மெத்து பூட்ஸ்காரர் குறுக்காக நிற்கிறவர். பலகை ஒல்லியாக இருந்தால் விரல்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சாய்ந்த மாத்திரத்தில் அது பனியில் இடித்து ஆளைக் கவிழ்த்துவிடும். "இடுப்பை அளந்து வாங்கிட்டு வந்து எங்கிட்ட அழுவாங்க" என்பார். "கால் நிக்கிற இடத்தைத்தானே அளக்கணும்." பலகையின் நடுவில் குறுகலான இடத்துக்கு இடுப்பு என்று பெயர், எல்லாரும் அந்த எண்ணைத்தான் ஒப்பிடுவார்கள். யாருடைய காலும் இடுப்பில் நிற்பதில்லை என்பதை இவர் சொன்ன பிறகுதான் நானே யோசித்தேன்.

இனி நவாத்தேயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நவாத்தே எங்கள் ஊரில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். ஆள் கதவு நிலைக்குக் குனிந்து வரும் உயரம். அவர் மனைவி மசுயோ தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறார். மலையில் மசுயோ போடும் கோடு அத்தனை அழகு. நவாத்தே ஆறு குளிர்காலமாக அவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தார். குதிகால் பக்கம் வளைவார், நன்றாக வரும். விரல் பக்கம் சாய்வார், முகம் குப்புற விழுவார். லிஃப்ட் கூண்டிலிருந்து நான் ஆறு வருடம் பார்த்த காட்சி இது. முட்டியை மடக்குங்கள் என்று அறிவுரை சொன்னவர்களில் நானும் ஒருவன். ஊரில் பாதிப் பேர் அவருக்கு முட்டியைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது.

சறுக்குக் காலம் முடிந்து மலை மூடுகிற நாளை நாங்கள் பின்னல் நாள் என்போம். காலையில் முதல் லிஃப்டில் இரண்டிரண்டு பேராக ஏறி, ஒருவர் கோட்டை ஒருவர் வெட்டி வெட்டி இறங்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் சரிவில் சடை பின்னியதுபோல இருக்கும். அதை நான் படம் எடுப்பேன். நன்றாக வந்த பின்னல் நூடுல்ஸ் கடைச் சுவரில் அடுத்த வருடம்வரை தொங்கும். ஆறு வருடமும் மசுயோ பின்னியது ஊர்ப் பல் மருத்துவரோடு. கட்டிய கணவன் தினமும் மதியம் அந்தப் படத்தின் அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பல் வலி எப்படி இருக்கிறது என்று யாராவது விசாரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். இந்த வருடம் ஜனவரிக்குப் பிறகு அவர் அந்தக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மார்ச்சில் ஒருநாள் லிஃப்டில் ஏறுமுன் என்னிடம் சொன்னார், இந்தப் பின்னல் நாளில் மசுயோவோடு இறங்கப் போகிறாராம், விழுந்தால் பலகையைக் குப்பைக்குப் போட்டுவிட்டு வெந்நீர் ஊற்றில் குளிப்பதோடு நிறுத்திக்கொள்வாராம். சிரிக்காமல் சொன்னார். எனக்கு முட்டியைப் பற்றி வாயைத் திறக்கத் தோன்றவில்லை.

மறு வாரம் இகுவே சானின் கடையில் அடுப்போரமாக நான் கருவாடு மென்றுகொண்டிருந்தபோது நவாத்தே உள்ளே வந்தார். அவர் அந்தக் கடை வாசலை மிதித்து நான் பார்த்ததே இல்லை. கறுப்பு ரப்பர் பூட்ஸைப் பெரும்பாடு பட்டுக் கழற்றினார். காலைப் பிடுங்கி எடுத்தார் என்றே சொல்லலாம். இகுவே சான் மண்டியிட்டார், கட்டைவிரல் உள்ளே போனது, ஒரு நொடி நின்றது, பூட்ஸ் தெருவைப் பார்த்துத் திரும்பியது.

"அளவு?" என்று கேட்டார்.

"இருபத்தேழரை" என்றார் நவாத்தே.

"ஏறி நில்லுங்க."

செய்தித்தாளில் வானிலைக் கட்டம் முழுக்க மறைந்து, பாதம் மரண அறிவிப்புகள் வரைக்கும் போனது. இகுவே சான் பென்சிலை வைக்காமல் காத்திருந்தார். பிறகு மர அளவுகோலால் அவர் பெருவிரலை மெல்லத் தட்டி, விரலை மடக்கி வைத்துக்கொண்டு மலை இறங்க முடியாது என்றார். காலுறைக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவ்வளவு பெரிய மனிதர் காது சிவந்து நின்றதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, கருவாட்டைப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தக் காலால் கேலிக்கு ஆளாகியிருக்கிறார். ஊர் செருப்புக் கடையில் இருபத்தெட்டோடு சரி. சறுக்கு பூட்ஸை வெளியூரிலிருந்து ரகசியமாக வரவழைத்து, எண்ணை மையால் அழித்துவிட்டார். பலகை வாங்கும்போது மட்டும் ஊருக்குச் சொல்லும் எண்ணையே எழுதிக் கொடுத்தார். இருபத்தேழரைக்காரனின் ஒல்லிப் பலகை மேல் இருபத்தொன்பதரைக்காரனின் பூட்ஸ் ஆறு வருடம் நீட்டிக்கொண்டிருந்தது.

உண்மை வெளியே வந்ததும் அவருக்கு வேகம் பிறந்துவிட்டது. சுவரில் இருப்பதிலேயே அகலமான, பின்முனை மீன்வாலைப்போல் பிளந்த பலகையைக் காட்டினார். புதிதாக விழுந்த மாவுப்பனியில் படகுபோல மிதக்கும் என்று எங்கோ படித்திருக்கிறார். இகுவே சான் அதை எடுக்கக்கூட இல்லை. மாவுப்பனியில் அது ராஜாதான், ஆனால் கெட்டிப் பனியில் வளைவு முடிகிற நேரத்தில் பிடித்து நிற்க வால் வேண்டும், அங்கே இதற்குப் பிளவுதான் இருக்கிறது என்றார். அளவுக்கு மீறி அகலமானால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் புரட்ட நேரமாகும், வளைவு வளைவாகப் பின்ன வேண்டியவருக்கு அது ஆகாது என்றும் சொன்னார். அப்புறம் இரண்டு பலகைகளை அடுப்போரமாகச் சாய்த்து வைத்தார். நவாத்தே தன் சறுக்கு பூட்ஸைப் பையிலிருந்து எடுக்கத் தயங்கி, எடுத்தார். இகுவே சான் அதை முதல் பலகையின் மேல் குறுக்காக வைத்துப் பார்த்தார். முனை மூன்று விரல் வெளியே நின்றது. இரண்டாவதில் அரை விரல்கூட இல்லை. நீண்டு நிமிர்ந்த மூக்கு, பிளவில்லாத வால்.

"அந்தப் பலகை நாகனே சானுக்குச் சரியா இருக்கும்" என்றார். "உங்களுக்கு இதுதான்."

நவாத்தே திரும்பி வாசலைப் பார்த்தார். பனி வண்டிப் பணிமனையில் எல்லாருக்கும் ஒரே கறுப்பு ரப்பர் பூட்ஸ். மாறிப்போகாமல் இருக்க உள்ளே வெள்ளை மையில் பெயர் எழுதி வைப்பார்கள். தன் அளவை மறைக்க, கூட வேலை பார்க்கும் நாகனேயிடம் அவர் இரவல் வாங்கி மாட்டி வந்ததில் கொட்டை எழுத்தில் நாகனே என்றுதான் இருந்தது.  அதைப் பார்த்துவிட்டு நவாத்தே சிரித்தார் பாருங்கள், அடுப்பு மூடி அதிர்ந்தது. இகுவே சான் கருவாட்டில் பெரிய துண்டாகக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன், லிஃப்டிலிருந்து கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவருக்கு இது முன்பே தெரியாதா என்று. தெரியுமாம். நவாத்தே கவிழ்கிற ஒவ்வோர் இடத்திலும் கோட்டுக்குப் பக்கத்தில் பூட்ஸ் முனை கீறிய தடம் இருந்ததாம். முதல் வருடமே பார்த்திருக்கிறார். பின் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அவர் மறைச்சு வெச்சதை நான் எப்படி நடுரோட்டுல எடுத்து வைக்கிறது. ஒருநாள் வாசல்ல கழட்டுவார்னு இருந்தேன்" என்றார், பலகைக்கு மெழுகு தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே.

பின்னல் நாளன்று விடியற்காலை எதிர்பாராமல் பனி கொட்டியது. மேல் பாதியில் முழங்கால் அளவு மாவுப்பனி, கீழ்ப் பாதியில் இயந்திரம் இழைத்த கெட்டிச் சரிவு. மசுயோ முதலில் புறப்பட்டார். நவாத்தே பின்பக்கக் காலில் சாய்ந்துகொண்டு பலகையின் மூக்கை நிமிர்த்தி, பனிப்புகை கிளப்பிக்கொண்டு போனார். அங்கே ஒன்றும் பயமில்லை, மாவில் யாருக்கும் விரல் இடிக்காது. கெட்டிப் பனி தொடங்கும் இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குதிகால் பக்கம் வளைந்தார். மசுயோவின் கோட்டை வெட்டினார். விரல் பக்கம் சாய்ந்தார், கை பனியைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தார், பலகை பிடித்து நின்றது. மறுபடி வெட்டினார். மூன்றாவது வளைவு கொஞ்சம் கொழுத்துவிட்டது, பின்னலில் ஒரு பிரி மற்றதைவிடத் தடிமன். ஆனாலும் அறுபடவில்லை. அடிவாரத்தில் மசுயோ கையை உயர்த்தினார், இவரும் பதிலுக்குக் கையை உயர்த்தி, மேலே திரும்பித் தன் கோட்டைப் பார்க்கப் போய், நின்ற இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் லிஃப்டை நிறுத்திவிட்டேன். கோளாறு என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம், எனக்குக் கண் கலங்கிப்போயிருந்தது.

மதியம் படத்தை எடுத்துக்கொண்டு இகுவே சானின் கடைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் பக்க வளைவுகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். கோட்டுக்குப் பக்கத்தில் கீறல் ஏதும் இல்லை. நூடுல்ஸ் கடைக்காரரிடம் ஆணியை மாற்றச் சொல்லுங்கள், இது பல் டாக்டர் படத்தைவிட அகலம் என்றார்.

அப்போது கதவு திறந்தது. நவாத்தேயும் மசுயோவும் வந்தார்கள். நவாத்தே தன் சொந்த ரப்பர் பூட்ஸைச் சுலபமாகக் கழற்றி, வாய் நன்றாகத் தெரியும்படி வாசலில் வைத்தார். உள்ளே வெள்ளை மையில் பெயர், அதற்குக் கீழே யாரும் கேட்காமலே 29.5 என்று புதிதாக எழுதியிருந்தது. இகுவே சான் போய் மண்டியிட்டார். இரண்டு கையாலும் அந்தப் பெரிய பூட்ஸைத் தூக்கி, கட்டைவிரலை வெளியிலேயே வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.