இரவல் கை

தேக்கா மார்க்கெட்டின் ஈரத் தரையோடு நான் நடத்திய உலகப் போரில் ஒரு கால் எலும்பை முறித்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து, இப்போது சக்கர நாற்காலியிலிருந்து வார்டை ஆண்டுகொண்டிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் செல்வம். கட்டட வேலையில் மெஷினுக்குள் சிக்கிய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஊரில் மனைவிக்கும் மகளுக்கும் இன்னும் சொல்லவில்லை.

இன்று வீடியோ காலில் மகள் கேட்டாள்: "டாட்டா காட்டுப்பா."

செல்வம் என்னைப் பார்த்தார். கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்திருந்த நான், அவர் போர்வைக்கடியிலிருந்து என் வலது கையை நீட்டி ஆட்டினேன்.

"கையில முடியெல்லாம் ஏம்ப்பா வெள்ளையா இருக்கு?"

"சிமெண்டு, கண்ணு. கழுவினா போயிடும்."

போனை வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கும் கூப்பிடுவா, அண்ணே."

நண்பர்களே, நரைக்காத வலது கை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.