நாற்பத்தொரு வீட்டுப் பொய்

எங்கள் சாம்புங் மலையில் கர்ணதோஜ் லிங்காவைப் பற்றிக் குறை சொன்னவர் யாரும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்ப, கல்யாண அழைப்பு எழுத, மலேசியாவில் வேலை பார்க்கும் மகனுக்கு ஃபோன் போட்டுக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முகம் சுளிக்காமல் வருவார். அப்படி வருகிறவருக்கு ஊர் ஒரு குவளை கேழ்வரகுக் கள் கொடுப்பதில் என்ன அதிசயம்? அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஆகவே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஊரிலிருந்தே ஓர் ஆள் வேண்டும் என்றபோது வேறு பெயர் யார் வாயிலும் வரவில்லை. நீலச் சட்டை, தொப்பி, தோள்பை எல்லாம் கொடுத்தார்கள். ஐம்பது வயதில் மனுஷர் மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

முதல் படிவத்தைச் சொந்த வீட்டில்தான் பிரித்தார். மனைவி சாபித்ரா கடுகுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கீழே சமவெளியில் பிறந்து வளர்ந்த ராய் வீட்டுப் பெண், நேபாளியைத் தவிர ஒன்றும் தெரியாது.

“தாய்மொழி?” என்று கேட்டார், பெரிய அதிகாரி மாதிரி.

“இது ஒரு கேள்வியா? நாம என்ன பேசுறோமோ அதை எழுதுங்க. நேபாளி.”

எழுதினார். பொய் இல்லை. எங்கள் மலையின் பாஷை யாக்கா. மகள் ரஞ்சிலாவுக்கு மூன்று வயதில் அதில் நாலைந்து வார்த்தை தெரியும். கீழே சைன்பூர் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று ஒவ்வொன்றையும் திருத்தி நேபாளி ஆக்கியது இவரேதான். தன் பெயருக்கு நேராக மட்டுமாவது யாக்கா என்று எழுதியிருக்கலாம். பெண்டாட்டி பிள்ளைக்கு ஒன்று, தனக்கு ஒன்றா என்று அதையும் நேபாளி என்றே எழுதினார்.

அடுத்த வீட்டுக்கு ஏறும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஊரில் நாற்பத்திரண்டு வீடு. நாற்பத்தொன்றில் யாக்கா என்று இருக்கும். ஒரே ஒரு வீட்டில் நேபாளி என்று இருக்கும், அது படித்த குமாஸ்தாவின் வீடு. மேலே எவனாவது ஒருவன் படித்துவிட்டுச் சிரிப்பான். இப்போது யோசித்தால் எவன் படிக்கப் போகிறான்? ஆனால் அன்றைக்கு அவருக்கு முகமெல்லாம் எரிந்தது.

அடுத்த வீட்டுக்காரர் யாக்காவிலேயே வரவேற்றார், யாக்காவிலேயே கோழியைத் திட்டினார், யாக்காவிலேயே கள்ளை ஊற்றினார். கர்ணதோஜ் குடித்துக்கொண்டே நேபாளி என்று எழுதினார். அதற்கடுத்த வீட்டிலும் அதே. பத்தாவது வீட்டுக்குள் கை பழகிவிட்டது.

மலை உச்சியில் பூசாரி தன்ஜீத்தின் வீடு. அவருக்கு நேபாளியில் சந்தைக்குப் போய் உப்பு வாங்கி வருகிற அளவுதான் பேச்சு.

“டேய் கர்ணா, நம்ம பாஷையை எழுதிட்டியாடா?”

“எழுதிட்டேன் மாமா.”

“அழகா எழுது. உன் கையெழுத்து நல்லா இருக்கும்.”

நாற்பத்தொரு பொய்யில் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒன்றுதான். அதுதான் அவரைப் பிற்பாடு தூங்கவிடாமல் அடித்தது.

இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்கு யாக்கா வாத்தியார் பணியிடம் ஒன்று வரும் என்று பேச்சு வந்தது. இந்திரகலா ஜிமிக்குத்தான் அது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. ஆறு வருஷமாகப் பள்ளிக்கூட வராந்தாவில், மணி அடிப்பதற்கு முன்னால், சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்கு யாக்கா எழுத்தும் கதையும் சொல்லிக் கொடுப்பவள் அவள். வார்டு ஆபீஸ் கணக்கெடுப்புக் காகிதத்தைப் பார்த்தது. சாம்புங்கில் யாக்கா பேசுகிறவர்கள்: ஒருவரும் இல்லை. பணியிடமும் இல்லை.

ஊர்க்கூட்டத்தில் பெரிய ரகளை. வார்டு தலைவர் கையைப் பிசைந்தார். “கணக்கெடுத்தவரே தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, நான் மேல அனுப்பிப் பார்க்குறேன். இந்த மாசத்துக்குள்ள வேணும்.”

“நம்ம கர்ணா தப்பா எழுதுற ஆளா?” என்று ஒருவர் எழுந்தார். “இவரு எழுதினதை மேல எவனோ மாத்திட்டான்யா!”

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். யாரோ அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கர்ணதோஜ் உட்கார்ந்தார். எழுதிக் கொடுத்தால் குமாஸ்தா வேலை போகும், பெயர் போகும். வாயைத் திறக்கவே இல்லை. இந்திரகலா கூட்டம் முடிந்து போகும்போது, “நீங்க மனசு கஷ்டப்படாதீங்கண்ணே” என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பதில் அவள் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு மனுஷர் இளைத்தார். கள் குடிப்பதை விட்டார். ஈரல் கெட்டுவிட்டதோ என்று ஊர் கவலைப்பட்டது. தப்பு செய்தவனை ஊர் இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது சாசுவா வந்தது, புது அரிசிப் பண்டிகை. அடுப்பைச் சுற்றியுள்ள மூன்று கல்லில் எங்கள் முன்னோர் இருக்கிறார்கள். வீட்டுத் தலைவர் அவர்களை அழைத்துப் புதுச் சோறு படைத்த பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் வைக்கலாம். அழைப்பு யாக்காவில்தான். அவர்களுக்கு வேறு பாஷை தெரியாது.

அன்றைக்கு இந்திரகலா விடைபெற வந்திருந்தாள். மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, அடுத்த வாரம் விமானம். “சாப்பிடாம போனா நான் பேச மாட்டேன்” என்று சாபித்ரா அவளை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டாள்.

கர்ணதோஜ் வாழையிலையில் சோறும் இஞ்சியும் வைத்தார். சுரைக்குடுவையிலிருந்து கள்ளைத் தெளித்தார். ‘உங்கள் பிள்ளைகள் வந்திருக்கிறோம், உங்கள் பேச்சில் கூப்பிடுகிறோம்’ என்றுதான் அழைப்பு ஆரம்பிக்கும். முதல் பாதி வந்தது. அடுத்த பாதி தொண்டையில் நின்றது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றது.

“என்னங்க, மறந்துபோச்சா? சோறு ஆறுது” என்றாள் சாபித்ரா.

மறக்கவில்லை. உங்கள் பேச்சு இந்த மலையில் இல்லை என்று தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு அதே பேச்சில் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்தபடி, யாக்காவில், கல்லைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். நான்தான் எழுதினேன். என் வீட்டு வெட்கத்தை மறைக்க எல்லா வீட்டையும் அப்படி எழுதினேன். பிறகு கீழிருந்து மேல் வரைக்கும் ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொன்னார். தன்ஜீத் மாமாவின் வீடு வந்தபோது குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சினார்.

சாபித்ராவும் மகளும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருஷம் அழைப்பு நீளம் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த அறையில் அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒருத்தி இருந்தாள். அவள் கையிலிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டாள்.

ரஞ்சிலா மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தாள். “அக்கா, அப்பா ஏன் அழுறாரு? என்ன சொன்னாரு?”

இந்திரகலா கர்ணதோஜைப் பார்த்தபடியே சொன்னாள். “நான் ஏன் சொல்லணும்? உங்கப்பாவையே கேளு. உனக்குப் புரியுற பாஷையில சொல்லட்டும்.”

கல்லுக்குச் சொன்னது எளிது என்று கர்ணதோஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினான்கு வயது மகளின் முகத்தைப் பார்த்து, நேபாளியில், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். சாபித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரஞ்சிலா விரல்விட்டு எதையோ எண்ணினாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“அப்போ நாற்பத்தொரு வீட்டுக்கு எழுதினதுதான் பொய். நம்ம வீட்டுக்கு எழுதினது நிஜம்தானேப்பா?”

இந்திரகலா எழுந்து, சாப்பிடாமல் போனாள். வாசலில் மட்டும் திரும்பி, “வார்டு ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும்ணே” என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு முன்பே அவர் அந்த வாசலில் நின்றார். யாக்கா என்று திருத்த வேண்டிய வீடுகளை அந்த நல்ல கையெழுத்தில் வரிசையாக எழுதினார். நாற்பத்தொன்று எழுதி முடிந்ததும் வார்டு தலைவர் எண்ணிப் பார்த்தார்.

“உங்க வீட்டை விட்டுட்டீங்களே?”

“அது சரியாத்தான் இருக்கு” என்று சொல்லி, கர்ணதோஜ் கீழே கையெழுத்துப் போட்டார்.