காலி மனை

மண்சரிவில் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், புதைந்த இடத்திலேயே புது வீடுகள் கட்டலாமா என்று பார்க்க, றொசல்லைத் தோட்டத்துக்கு ஒரு கட்டடக் கலைஞர் வந்தார். கொழும்பில் பெரிய பெயர் அவருக்கு. நரைத்த தாடி, குள்ளமான உருவம்.

வரைவதற்கு முன், வெறும் நிலத்தில் வீடு இருப்பதாகவே நினைத்து நடந்து பார்ப்பது அவர் வழக்கமாம். பனிமூட்டத்தில் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். ஓரிடத்தில் தலை குனிந்து நுழைந்தார். எங்கள் வாசல் அங்கேதான் இருந்தது. இரண்டடி போனவர், சட்டென்று ஒதுங்கி நின்றார்.

"யாருக்குங்க வழி விடுறீங்க?" என்றேன்.

"வேற இடம் பார்ப்போம். இது காலியா இல்ல."

வீடுகள் இப்போது எதிர் மேட்டில் இருக்கின்றன.

அவர் ஒதுங்கி நின்றது, மண்ணோடு போன என் அம்மா தினமும் தண்ணீர்க் குடத்தோடு வெளியே வருகிற நேரத்தில். அதை அந்தக் கலைஞரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.