துப்பறியும் தீர்த்தகிரிக்குத் தீட்டுக் காத்தவர்

கடைப்பிடி என்பது பற்றியதை விடாத பண்பு. கொழுகொம்பு பட்டுப்போனாலும் அதைச் சுற்றிய கொடி பிடி தளர்த்துவதில்லை. வேந்தர்க்கும் அடியார்க்கும் உரியதென்று சான்றோர் போற்றிய இப்பண்பு, ஒரகடத்தில் ஒரு நெல் அரவை மில்லின் எஞ்சின் அறையில் எண்ணெய்க் கறையோடு குடியிருந்தது. அதற்கு உறையுளாய் விளங்கியவர் தாண்டவராயன். அவர் பற்றிய கொம்பு, துப்பறியும் தீர்த்தகிரி.

தீர்த்தகிரி ஊனும் உதிரமுமாய்ப் பிறந்தவர் அல்லர். ஒரு மாத இதழின் பக்கங்களில் மட்டுமே வாழ்ந்தவர். இதழ் சென்னையில் அச்சேறி, பஸ்ஸேறி, ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் வந்திறங்கும் நாளில் தாண்டவராயனின் சைக்கிள் அங்கே காத்து நிற்கும். ஐம்பதுகளில் தொடங்கிய உறவு அது. அந்நாளைய தீர்த்தகிரி நான்கு முழ வேட்டி உடுத்தவர், துப்பாக்கி தொடாதவர். திருடனைப் பிடிக்குமுன் பச்சையம்மனை வேண்டுவார். பிடித்தபின் அவனுக்கு மோர் வாங்கிக் கொடுத்துப் போலீசில் ஒப்படைப்பார். தாண்டவராயன் குடும்பத்துக்கும் குலதெய்வம் பச்சையம்மனே. ஆகவே தீர்த்தகிரி தம் பங்காளிதான் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை.

பின்னர்ப் பழைய ஆசிரியர் காலமானார். பட்டணத்து இளைஞர் ஒருவர் தொடரை ஏற்றார். தீர்த்தகிரிக்குப் பெல்பாட்டம் வந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. ரீட்டா என்றொரு காரியதரிசியும் வந்தாள். பச்சையம்மன் மட்டும் வரவேயில்லை.

அன்றுமுதல் மில்லுக்கு நெல் கொண்டுவந்தோர் அரிசியோடு தாண்டவராயனின் கருத்தையும் சுமந்துதான் வீடு திரும்ப நேர்ந்தது. எஞ்சின் ஓசைக்கு மேலே அவர் குரல் எழும்.

"இவன் தீர்த்தகிரியே இல்லடா! பேரத் திருடிக்கினு வந்த பய. நம்ம தீர்த்தகிரி சிகரெட் புடிப்பாரா? ஹாங்காங்ல போயி இன்னா துப்பறியறது? இங்க ஏரி மதகுக் கதவையே எவனோ தூக்கிக்கினு பூட்டான், அத்தக் கண்டுபுடிக்கட்டும் பாப்போம்!"

"புடிக்கலன்னா வாங்காம வுடேன், மாமா" என்பான் மூட்டை தூக்கும் கன்னியப்பன்.

"வாங்காம எப்டிடா திட்றது? படிக்காம திட்டனா அது பொறாம. காசு குடுத்துப் படிச்சிட்டுத் திட்டனாத்தான் நாயம்."

இவ்வாறு ஆறாண்டுகள் நியாயம் தவறாமல் வைதார். ஏழாம் ஆண்டின் ஆனி மாதத்தில் அவர் மகள் லீலாவுக்கும் தண்டலம் சுப்பராயனின் மகனுக்கும் திருமணம் குறித்திருந்தது. ஆனியின் கடைசி முகூர்த்தம் அது. தவறினால் ஆடி கழிய வேண்டும். பந்தற்கால் நட்டாயிற்று. அதற்கு மறுநாள் இதழ் வந்தது.

சுவிட்சர்லாந்துப் பனிமலை உச்சியில் பகைவன் தள்ளிவிட, தீர்த்தகிரி பாதாளத்தில் வீழ்ந்தார். "முற்றும்" என்று அச்சிட்டிருந்தது. அதைக்கூடத் தாண்டவராயன் பொறுத்திருப்பார். ஆனால் வீழும்போது தீர்த்தகிரி, ஆறாண்டில் முதன்முறையாக, "பச்சையம்மா!" என்று அலறியிருந்தார்.

தாண்டவராயன் எஞ்சினை நிறுத்தினார். பாதி அரைந்த நெல் பாதியிலேயே நின்றது. நேரே ஏரிக்குப் போய்த் தலைமுழுகி, ஈர வேட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கிளியம்மா, பங்காளி பூட்டாரு. தீட்டு. அடுப்பு மூட்டாத."

ஈர வேட்டியைக் கண்ட தெரு காரணம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முதலில் ஓடிவந்தவள் பாஞ்சாலி. ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஒப்பாரி அவளுடையது. கிளியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, போனவரின் வீரத்தையும் கொடையையும் அவர் ஏறிவந்த வெள்ளைக் குதிரையையும் பாடி அழுதாள். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கேட்டாள்:

"ஆமா, போனது யாருடி?"

"பொஸ்தகத்துல வர்ற ஆளுடி! இந்த மனுசன் பொண்ணு கல்யாணத்துல கொள்ளிக்கட்டைய வெச்சிட்டு நிக்கறாரு, நீ வேற குதிர மேல ஏத்தறியா?"

பாஞ்சாலி முந்தானையால் முகம் துடைத்தாள். "பொஸ்தகமோ, புழுதியோ, எடுத்த பாட்ட நடுவுல வுட்டா வூட்டுக்கு ஆவாது" என்று சொல்லி, மீதியையும் பாடி முடித்தாள்.

செய்தி தண்டலம் எட்டியது. மறுநாள் காலையில் சுப்பராயன் வந்தார். அவர் சிரிக்கவில்லை. கைகால் கழுவாமல், சாவு வீட்டு முறைப்படி வாசலிலேயே அமர்ந்தார். மகனுக்கு நிச்சயித்த பெண்ணுக்குத் தீட்டு உண்டா இல்லையா என்பது அவருக்கு விளையாட்டன்று.

"சம்பந்தி, போனவரு உங்களுக்கு இன்னா மொற? மாமன் மச்சான் மொறன்னா மூணு நாளோட பூடும், கல்யாணம் நிக்காது. கொஞ்சம் ரோசன பண்ணிச் சொல்லுங்க."

ஒரு சொல்லில் முடிந்துவிடக்கூடிய வழக்கு. கிளியம்மாள் கதவின் பின்னிருந்து "மச்சான்னு சொல்லேன், மச்சான்னு சொல்லேன்" என்று முணுமுணுத்தாள். தாண்டவராயன் நெஞ்சு நிமிர்த்தினார்.

"பச்சையம்மன் கும்பிட்றவரு சம்பந்தி அவரு. ஒரே கொலசாமின்னா பங்காளிதான? பொண்ணு கல்யாணத்துக்காகப் பங்காளிய மச்சானாக்க மாட்டேன்."

"பங்காளின்னா கருமாதி முடியற வரைக்கும் தீட்டு. முகூர்த்தம் போச்சி" என்று சுப்பராயன் துண்டை உதறி எழுந்தார். "ஆவணி வரைக்கும் என் புள்ளய நிறுத்தி வெக்க முடியாது. குன்றத்தூர்ல ஒரு எடம் கேட்டுக்கினே கீறாங்க. வருத்தப்படாதீங்க, உங்க பங்காளி ஆத்மா சாந்தியடையட்டும்."

அப்போதுதான் லீலா கூந்தலை முடிந்துகொண்டு வெளியே வந்தாள். மஞ்சள் பூசிய முகம். கண்களில் மட்டும் பனிமலையும் பாதாளமும்.

"மாமா, கொஞ்சம் ஒக்காருங்க. யப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். ஆறு வருசமா ஊர்க்காரங்க அரிசியில கல்லு கெடந்துதோ இல்லியோ, உன் திட்டு கெடந்துது. இவன் போலி, பேரத் திருடனவன்னு. சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அவன் போலின்னா செத்தது போலி. உனக்கு ஏது தீட்டு? அவன் நெசம்னா, சொந்தப் பங்காளிய ஆறு வருசம் நடுமில்லுல வெச்சித் திட்டனவன் நீ. ரெண்டுல எதுன்னு சொல்லிட்டு அப்புறம் ஈர வேட்டி கட்டு."

தாண்டவராயன் திகைத்தார். ஒரு கையில் ஆறாண்டுக் கருத்து. மறுகையில் ஒரு நாள் கண்ணீர். கருத்தை விட்டால் இதுவரை பேசியதெல்லாம் பங்காளித் துரோகம். கண்ணீரை விட்டால், "பச்சையம்மா" என்ற அந்த அலறலைக் கேளாச் செவியினன் ஆவார். ஈர வேட்டி உடம்பிலேயே காய்ந்தது. சுப்பராயன் துண்டைத் தோளில் போடுவதும் எடுப்பதுமாக நின்றார். கிளியம்மாள் பச்சையம்மனுக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டாள்.

கடைசியில் அவர் அம்மன் கோயிலிருக்கும் திசை நோக்கிக் கைகுவித்தார்.

"போலியும் சாவறப்போ ஆத்தாளக் கூப்புடுவான். அது ஆத்தா பெரும; அவன் பெரும இல்ல. செத்தது போலிதான். கிளியம்மா, அடுப்ப மூட்டு!"

வீடே மூச்சு விட்டது. ஆனால் சுப்பராயன் உட்காரவில்லை. முறை தவறாத மனிதர் அவர்.

"அப்படின்னா நெசமான பங்காளி உசுரோட கீறாரு. அவுருக்குப் பத்திரிக வெச்சீங்களா?"

தாண்டவராயன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கொழுந்தியாளின் நாத்தனாருக்குக்கூட வைத்திருந்தார், தீர்த்தகிரிக்கு வைக்கவில்லை.

அன்றே மஞ்சள் தடவிய பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் சம்பந்திகள் இருவருமாகக் கொண்டுபோய், பச்சையம்மன் சன்னதியில் வைத்தார்கள். பங்காளியும் அவள் பிள்ளைதானே. அவள் அறியாத விலாசம் உண்டோ?

திருமணத்தன்று முதல் பந்தியில், பங்காளிகள் வரிசையில், ஓர் இலை ஆளின்றி விரிந்திருந்தது. பொரியலும் வடையும் பரிமாறியாயிற்று. மூத்த பங்காளி வந்து கை வைக்காமல் மற்றவர் எப்படி உண்பது? பந்தி முழுதும் இலையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தது. கன்னியப்பனுக்குப் பசி பொறுக்கவில்லை.

"மாமா, அவுரு வருவாரா, வரமாட்டாரா?"

தாண்டவராயன் வாசற்பக்கம் ஒருமுறை நோக்கினார். வெயிலைத் தவிர எவரும் இல்லை.

"ஏதோ திருடன தொரத்திக்கினு போயிருப்பாரு" என்றார்.

சுப்பராயன் தலையசைத்தார். "கடமைன்னு போனவர எதிர்பாத்துக்கினு குந்தக் கூடாது. எல்லாரும் சாப்புடுங்க." பிறகு தாமே செம்பை வாங்கி, அந்த ஆளில்லா இலையருகே குனிந்து, பயபக்தியோடு ஒரு குவளை மோர் ஊற்றி வைத்தார். பந்தி உண்ணத் தொடங்கியது. மணமேடையில் லீலா, கழுத்தில் புதுத்தாலியோடு, சிரிப்பை அடக்க மாலைக்குள் முகம் புதைத்தாள்.

பிடித்த பிடி விடாத அவ்வில்லம் வாழி! அதன் அடுப்பு அணையாதிருக்க; அதன் குதிர் குறையாதிருக்க; மகள் புகுந்த மனையில் மழலை பெருகுக. பந்தியில் ஓர் இலை என்றும் கூடுதலாய் விரிய, பச்சையம்மை அக்குடியைத் தன் பசுநிழலில் வைத்துக் காப்பாளாக!