வாயைத் திறக்காதே என்றேன்

போர்வெல் லாரியில் ஊர் ஊராகச் சுற்றுபவன் நான். என் அக்கா பிள்ளை செல்வி, ஆணாகப் பிறந்தும் தன்னைப் பெண் என்றே சொல்பவள். அவளைத் திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். "நீ வாயத் தொறக்காத சாமி, நான் பேசிக்கறேன்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய்ப் பேசினேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் டாக்டர் ஆங்கிலத்தில் சீட்டு எழுதினார். ஐந்தாவது வரை படித்த நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வெளியே நர்ஸ் அதைப் படித்துவிட்டு, "தலைக்குக் கரண்ட் வெக்கச் சொல்லியிருக்காருங்க" என்றார்.

"என்னப் பைத்தியம்னு சொன்னீங்களா மாமா? பொண்ணுன்னு சொல்லலீங்களா?" என்றாள் செல்வி.

பெண் என்று நான் சொல்லவில்லை. "இவனச் சரி பண்ணுங்க" என்றுதான் சொன்னேன். சீட்டைக் கிழித்தெறிந்தேன். அந்த டாக்டர் மேலுள்ள ஆத்திரம் என் மேலும் இருக்கிறது.

அடுத்த வாரம் வேறு டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அங்கே அவள்தான் பேசுவாள். சீட்டில் எழுதியதை டாக்டர் தமிழில் சொல்லும்வரை நான் நாற்காலியை விட்டு எழமாட்டேன்.