அலைக்குப் போட்ட கல்

எழுபதுகளின் நடுவில் நான் பொருளாதார ஆய்வு மாணவி. தூத்துக்குடிக் கடலில் முங்கிப் பவளப்பாறையிலிருந்து முருகைக்கல் பெயர்க்கிறவர்களின் கூலிதான் என் தலைப்பு. அந்தக் கல் காளவாசலில் வெந்து சுண்ணாம்பாகும். எங்கள் கரையில் வீட்டுச் சுவரும் அதுதான். அப்பாவும் கல்லுக்கு முங்குகிறவர்.

உழைப்பு, முதல், லாபம் என்று புத்தகங்கள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தன. கடலைப் பற்றி மட்டும் ‘இயற்கை இலவசம்’ என்று ஒரு வரி. பெரிய மண்டைகள்!

எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கோ வருஷத்துக்கு வருஷம் அலை நெருங்கி வந்தது. ஊருக்கு வந்தால் பையை வைக்குமுன் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். அந்த வாடைக்காலத்தில் அம்மா அரிசிப்பானையை அடுக்களையிலிருந்து முன்னறைக்கு மாற்றியிருந்தாள்.

அப்பா அசரவில்லை. ஒரு வள்ளம் நிறைய முருகைக்கல் கொண்டுவந்து பின்பக்கம் அடுக்கினார்.

“இனி கடல் எப்படி வரும்னு பாக்கேன்” என்றார்.

“இந்தக் கல்லு கடலுக்குள்ள கெடந்ததாலதானப்பா அலை அங்கனயே ஒடைஞ்சுது. வேலியப் பிடுங்கி அடுப்பெரிச்ச கதையால்லா இருக்கு.”

“கூலி கூடணும்னு நீதான எழுதுத? கல்லே எடுக்கக்கூடாதுன்னா கூலி எங்கனளா கூடும்?”

படித்த புத்தகங்கள் எதிலும் இந்தக் கேள்வியே இல்லை.

என் ஆய்வு நெறியாளரிடம் ஓடினேன். தாமிரபரணிக்கரை நெல்வயல்காரர், நல்ல மனிதர்.

“எங்க வீடு போயிரும் சார். கடலைப் பத்தி ஒரு அத்தியாயம் எழுதுதேன்.”

“அது சுவாலஜிக்காரங்க பாடும்மா. நீ கூலியை விட்டு வெளிய போகாத.”

“உங்க ஊர்ல ஆத்தங்கரைய வெட்டி வித்தா, வெட்டினவன் கூலியை மட்டுந்தான் கேப்பீங்களா சார்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேள்வி நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை எந்தப் பாடத்துல சேக்கது?”

எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. அத்தியாயம் சேரவில்லை; ஆய்வேடு ஏற்கப்பட்டது. அதே வாரம், அப்பா அடுக்கிய கல்லோடு எங்கள் அடுக்களைச் சுவரையும் கடல் கொண்டுபோனதாகத் தகவல் வந்தது.

பதறிப்போய் ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா முன்னறையில் சமைத்துக்கொண்டிருந்தாள். கரையில் அப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா போறீய?”

“கல்லுக்குத்தான். அடுக்களைச் சுவரைக் கட்டணும்லா.”