லேசர் கல்லுக்கு வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் சார் தங்கமானவர் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். ஊர் அவரிடம் ஆராய்ச்சி செய்யவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், புதுச்சேரிக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் லேபில் அவருக்குக் கீழே பொட்டாசியம் புரோமைடு படிகம் வளர்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே துளி சயனைடு கலந்திருக்கும். கடுங்குளிரில் வைத்துத் தூண்டிவிட்டால், அந்தச் சயனைடு அதிரும் அதிர்விலிருந்தே அகச்சிவப்பு லேசர் பிறக்கும். ஆனால் படிகம் வெறும் உப்புக்கல், ஈரம் பட்டால் கரையும். கடற்கரை ஊரில் இதை வளர்க்கச் சொன்ன புண்ணியவானும் அவர்தான்.

எத்தனையோ கல் மங்கிப்போன பிறகு ஒன்று கண்ணாடி மாதிரி வந்தது. இழைத்து, ஈரம் உறிஞ்சும் ஜாடிக்குள் மூடி வைத்தேன். பெங்களூரில் குளிரூட்டும் கருவி உள்ள ஓர் ஆய்வகத்தில் அடுத்த வாரம் என் முறை. அதைத் தவறவிட்டால் எனக்குக் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பும் முடிந்துவிடும், முனைவர் பட்டம் கிடையாது.

இடையில் ஆயுத பூஜை வந்தது. லேபில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் பொரி வாங்க என்னைத்தான் அனுப்பினார். திரும்பி வந்தால் எல்லாக் கருவிக்கும் பொட்டு. என் ஜாடி திறந்து கிடந்தது. கல்லின் இழைத்த முகத்தின் நட்டநடுவே ஈரச் சந்தனம்.

“சார், அது உப்பு சார்!” கத்தியே விட்டேன். துடைத்த இடம் பால் மாதிரி வெளுத்துக் குழிந்திருந்தது.

“சாமிக்கு வச்சது தப்பாம்மா? நல்ல கல்லா இருந்தா ஒரு பொட்டுக்கா கரையும்?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சட்டென்று தன் விரலைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. “இதுல சயனைடு இருக்குல்ல? எனக்கு எதனா ஆயிடுமா?”

“ஆவாது சார். ரொம்பக் கொஞ்சம்தான்.”

இன்னும் தாராளமாகக் கலந்திருக்கலாம் என்று மனசாரத் தோன்றியது. அவர் கையைக் கழுவிக்கொண்டு பொரி தின்றார். நான் அழுதேன். “பூஜை அன்னிக்கு அழாதம்மா, லேபுக்கு ஆவாது” என்றார்.

மறுநாள் கல்லைத் திரும்ப இழைத்தேன். இரண்டாகப் பிளந்தது. அவர் என்னை எதிரே நிற்க வைத்துக்கொண்டே பெங்களூருக்குப் போன் போட்டார்.

“எங்க பொண்ணு கல்ல ஒழுங்கா வளக்கல சார். அந்தத் தேதிக்கு வேற பையன அனுப்புறேன்.”

பட்டம் போனது. அதைக்கூட விட்டுவிடுவேன். அந்தக் கல் ஒளி விட்டிருக்குமா என்று தெரியாமலே போனதைத்தான் விட முடியவில்லை.